மையில எடுத்த ரேகை கார்டும் கடைசில ஸ்கேனருக்குத்தான் போகுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கைத்துப்பாக்கிய வெளிய எடுத்துட்டுப் போற லைசென்ஸுக்கு விரல் ரேகைய மெஷின்ல குடுக்கறத விட பழையபடி மையில உருட்டிக் குடுக்கறதுதான் பாதுகாப்பு, அப்பதான் அது கம்ப்யூட்டர்ல ஏறாதுன்னு ஒரு வாசகர் உங்க பத்திரிகைக்கு எழுதியிருந்தார். அவர் பயம் எனக்குப் புரியுது, ஆனா ரெண்டையும் எங்க வீட்லயே பாத்தாச்சு, அதனால எழுதாம இருக்க முடியல.

நான் இருக்கறது டெக்சாஸ்ல. 2003-ல கிரீன் கார்டு கைக்கு வந்த புதுசுல அப்ளை பண்ணேன், அப்ப ஃபீஸ் 140 டாலர், கூடவே மையில எடுத்த ரேகை கார்டு ரெண்டு அனுப்பணும். ரேகை எடுத்தவர் அவசரத்துல மைய அப்பி எடுத்தார். எனக்கோ உள்ளங்கை எப்பவும் வேர்த்துக்கிட்டே இருக்கும், துடைச்சுக்கோன்னு கூட அவர் சொல்லல. மை ஜாஸ்தியானா கோட்டுக்கு நடுவுல இருக்கற பள்ளமெல்லாம் அடைச்சுக்கும், வேர்வை இருந்தா விரல் வழுக்கி கோடு இழுத்துக்கிட்டுப் போயிடும், எனக்கு ரெண்டுமே ஆச்சு. போதாததுக்கு நான் வேற நல்லா விழணுமேன்னு விரல அழுத்தி நானே உருட்டிக் குடுத்தேன், அது செய்யவே கூடாதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, கைய தளர விட்டுட்டு எடுக்கறவரையே உருட்ட விடணும், கட்டை விரல உடம்பு பக்கமாவும் மத்த நாலு விரல வெளிப்பக்கமாவும், நகத்தோட ஒரு ஓரத்துலேருந்து இன்னொரு ஓரம் வரைக்கும். ஆனா இதெல்லாம் கார்ட பாத்தா தெரியல, பத்து கட்டமும் கறுப்பா நிறைஞ்சிருந்துச்சு, நம்பி தபால்ல போட்டேன். ஏழு வாரம் கழிச்சு இடது கைல ரெண்டு விரல் தெளிவா இல்ல, புதுசா எடுத்து அனுப்புன்னு லெட்டர் வருது. மறுபடி லீவு, மறுபடி மை, மறுபடி காத்திருப்பு. அந்த ஏழு வாரத்த யார் திருப்பித் தருவாங்க?

போன வருஷம் என் மனைவி அப்ளை பண்ணாங்க. 2021 செப்டம்பர்லேருந்து டெக்சாஸ்ல 21 வயசானவங்க பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமயே கைத்துப்பாக்கிய வெளிய எடுத்துட்டுப் போகலாமே, அப்புறம் எதுக்குன்னு கேப்பீங்க, கார்ல வேற ஸ்டேட்டுக்குப் போறப்ப இந்த லைசென்ஸ ஏத்துக்கற ஸ்டேட் நிறைய இருக்கு, அதான். அவங்க ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்க, நாள் பூரா கை கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் காஞ்சு தேஞ்சு கிடக்கு, என்னத விட மோசம். அவங்க ரேகைய மெஷின்லதான் எடுத்தாங்க, ஸ்கேனர் கண்ணாடி மேல விரல வச்ச உடனே இது சரியா விழலன்னு ஸ்க்ரீன் காட்டிடுச்சு, அங்க இருந்த அம்மா துளி லோஷன் தடவி விட்டு மறுபடி எடுத்தாங்க, மூணாவது தடவ எல்லா விரலும் ஓகே ஆயிடுச்சு, கால் மணி நேரத்துல வெளிய வந்துட்டோம். எனக்கு ஏழு வாரம் கழிச்சு வந்த பதில் அவங்களுக்கு அந்த நிமிஷமே வந்துச்சு, நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான்.

மையில குடுத்தா கம்ப்யூட்டர்ல ஏறாதுன்னு அந்த வாசகர் நினைக்கறார், அது தப்பு. ரேகைய வச்சு பழைய குற்றம் ஏதும் இருக்கான்னு பாக்கற மத்திய போலீஸ் அமைப்பான எஃப்.பி.ஐ 1999 ஜூலைலயே தேடறத கம்ப்யூட்டருக்கு மாத்திட்டாங்க. நீங்க மை கார்டே அனுப்பினாலும் யாராவது ஒருத்தர் அத ஸ்கேன் பண்ணித்தான் உள்ள ஏத்தணும், வழியில தபாலும் நாளும்தான் கூடுது. எடுத்த ரேகைய எத்தன வருஷம் வச்சிருக்கலாம், யார் பாக்கலாம்ங்கறது சட்டத்துல இருக்கற விஷயம், மைக்கும் கண்ணாடிக்கும் அதுல சம்பந்தம் இல்ல. அதோட நாம கிரீன் கார்டுக்கும் சிட்டிசன்ஷிப்புக்கும் பத்து விரலயும் ஸ்கேனர்ல வச்சுட்டு வந்தவங்கதானே.

ஆனா பயமே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். 2015-ல ஃபெடரல் அரசாங்கத்தோட பணியாளர் ஆபீஸ்லேருந்து 56 லட்சம் பேரோட ரேகை திருட்டுப் போச்சு. பாஸ்வேர்ட மாத்தலாம், விரல மாத்த முடியுமா? அதுக்கு சண்டை போடறதுன்னா சேமிச்சு வைக்கற விதத்துக்கு எதிரா போடுங்க, நான் கூட வரேன்.

மைய ஒரேயடியா தூக்கிடணும்னும் நான் கேக்கல. ஸ்கேன் சென்டருக்கு ரொம்ப தூரம் ஓட்டிட்டுப் போக வேண்டிய சின்ன கவுண்டிகள்ல, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி இருக்கற பகுதிகள்ல, இருக்கறவங்களுக்கு கார்டு வேணும், அந்த வழி திறந்தே இருக்கட்டும். ஆனா அங்க ரேகை எடுக்கறவருக்கு ஒழுங்கா பயிற்சி குடுங்க. எடுத்த கார்ட அங்கயே ஒரு பூதக்கண்ணாடி வச்சு பாத்து சரியில்லன்னா அப்பவே இன்னொரு கார்டு எடுக்கட்டும், அதுக்கு தனியா காசு வாங்கக் கூடாது.

இன்னொண்ணு, செங்கல் வேலை பாத்தவங்க, வயசானவங்க, புற்றுநோய்க்கு சில கீமோ மருந்து எடுக்கறவங்க, இவங்கள்ல சில பேருக்கு எந்த மெஷின்லயும் ரேகை சரியா விழாது. ரேகை சரியில்லன்னு ரெண்டு தடவ எஃப்.பி.ஐ திருப்பி அனுப்பினா பேர வச்சு சோதிக்கச் சொல்லி கேக்கற வழி இருக்கு. அப்ளை பண்றவங்க நேரா கேக்க முடியாது, அப்ளிகேஷன வாங்கின ஆபீஸ்தான் கேக்கணும். நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாம மூணாவது நாலாவது தடவன்னு விரல நீட்டிக்கிட்டு இருக்காங்க. ரிஜெக்ட் லெட்டர்லயே இத ரெண்டு வரி போட்டு அனுப்பச் சொல்லி நான் எங்க ஸ்டேட் பிரதிநிதிக்கு எழுதியிருக்கேன், உங்க வாசகர்களும் அவங்கவங்க ஸ்டேட்ல எழுதணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டெக்சாஸ்