செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: ஸ்பானிஷ் வகுப்பும் ஐந்து நிமிட பிரேக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழைக்கு முன் வடிகால் தூர்வாரும்படி மனு கொடுத்தது, கண் பரிசோதனை முகாம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கியது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விவரங்கள் மினிட் புத்தகத்தில் இருக்கின்றன. இந்த ஆண்டு நான் விரிவாகப் பேச விரும்புவது நம் சங்கக் கட்டடத்தில் நடக்கும் மாலை நேர ஸ்பானிஷ் வகுப்பைப் பற்றி.

ஏன் ஸ்பானிஷ் என்று சிலர் கேட்டீர்கள். 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. கப்பல் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் கயாவோ, வால்பரைசோ, வெராக்ரூஸ் என்று எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் கரையில் அந்த மொழிதான். பிபிஓ வேலை தேடுகிறவர்களுக்கும் அது கை கொடுக்கும்.

ஆனால் வகுப்புக்கு வருகிறவர்கள் பகல் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர்கள். வினைச்சொல் அட்டவணையைப் பாதி தாண்டும்போதே கண் சொக்கும். அதனால் ஆசிரியை பாடத்தை நடுவில் நிறுத்தி, நாற்காலிகளை ஓரம் தள்ளச் சொல்லி, ஐந்து நிமிட பிரெய்ன் பிரேக், அதாவது மூளைக்குச் சின்ன இடைவேளை, கொடுக்கிறார். அந்த ஐந்து நிமிடமும் ஸ்பானிஷ் மட்டும்தான்.

முதலில் வந்தது 'சிமோன் தீசே', அதாவது 'சிமோன் சொல்கிறான்' என்ற ஆட்டம். அந்த இரண்டு சொல்லோடு கட்டளை வந்தால்தான் செய்ய வேண்டும். "சிமோன் தீசே, தோகாதே லா நாரிஸ்" என்றால் மூக்கைத் தொட வேண்டும். வெறும் "சால்தா" என்றால் குதிக்கக் கூடாது. கல்லூரிப் பெண்கள் எல்லாம் குதித்துவிட, துறைமுகத்தில் ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் மட்டும் அசையாமல் நின்ற அன்று கைதட்டல் தெரு வரை கேட்டது. கேட்ட கட்டளையை உடம்பால் செய்து மொழி கற்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே வகுத்துவிட்டார். உடல் உறுப்புகளின் பெயர்களை இங்கே யாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. ஆட்டத்தில் அவுட் ஆகிறவர் ஓரமாக நிற்காமல் அடுத்த கட்டளையைச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியை மாற்றினார். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வாய் திறந்தது அதற்குப் பிறகுதான்.

எல்லோருக்கும் பிடித்தது மெக்சிகோவின் 'லோதேரியா'. நம் தம்போலா மாதிரிதான், எண்ணுக்குப் பதில் படம். சீட்டு 54, ஒவ்வொருவர் அட்டையிலும் 16 படம். அங்கே பீன்ஸ் விதை வைப்பார்கள், நாங்கள் புளியங்கொட்டை வைத்தோம். 'எல் காமரோன்' என்று இறால் படம் வந்ததும் காசிமேட்டுப் பிள்ளைகள் போட்ட கூச்சலைச் சொல்லி முடியாது. மீன், சேவல், நிலா, சூரியன் எல்லாம் அந்தச் சீட்டில் உண்டு.

மொட்டை மாடியில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு 'ராயுவேலா' ஆடினோம். கீழே தியெர்ரா, அதாவது பூமி. உச்சியில் சியேலோ, வானம். ஊனோ, தோஸ், த்ரேஸ் என்று எண்ணிக்கொண்டே நொண்ட வேண்டும். இதில் நம் மகளிர் அணியை மிஞ்ச ஆளில்லை. ஸ்பெயினில் வட்டமாக உட்கார்ந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் செருப்பைப் போட்டுவிட்டு ஓடும் ஆட்டம் ஒன்று உண்டு. நம் கொலை கொலையா முந்திரிக்காயேதான் அது. யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 31 வகுப்பில் திராட்சை. மாட்ரிட் புவெர்த்தா தெல் சோல் கடிகாரம் நள்ளிரவில் 12 முறை அடிக்க, அடிக்கு ஒன்றாக 12 பழம் சாப்பிடுவது ஸ்பெயின் வழக்கம். நாங்கள் கைதட்டி எண்ணிச் சாப்பிட்டோம். கொட்டையில்லாத பச்சைத் திராட்சையாக வாங்கியது நல்லதாகப் போயிற்று.

சும்மா கை காலை நீட்டி மடக்கினால் அசதி போகும், மொழி வராது. வாயும் அசைய வேண்டும் என்பது என் கருத்து. அதேபோல் ஐந்து நிமிடம் பத்தாக நீண்டால் பாடம் போய்விடும். ஆசிரியை அதில் கறாராக இருப்பது சரியே. இந்த வகுப்பிலிருந்து சிலர் ஸ்பானிஷ் மொழித் திறனுக்கான தெலே தேர்வின் தொடக்க நிலையான ஏ1-க்குத் தயாராகி வருகிறார்கள்.

வரும் ஆண்டில் மாடிக்கு ஒரு நல்ல விளக்கும், லோதேரியா அட்டைகளுக்கு லேமினேஷனும், மடக்கு நாற்காலிகளும் வேண்டும். பொதுக்குழு இதற்கு ஒப்புதல் தர வேண்டுகிறேன். சம்பளம் எதிர்பாராமல் பாடம் எடுக்கும் ஆசிரியைக்குச் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. அடுத்து பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.