கூடலூர்ப் பள்ளிகளும் தங்கள் நிருபரின் ஒரு வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடலூர்ப் பகுதிப் பள்ளிகளில் இடைநிற்றல் பற்றிச் சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிருபர் நிறைய அலைந்திருக்கிறார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில், "பழங்குடிப் பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியவில்லை" என்று ஒரு வரி. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இங்குள்ள பழங்குடிகளில் பணியர் வீட்டில் பேசுவது பணிய மொழி, மலையாளத்துக்கு நெருங்கியது. இன்னொரு பழங்குடியான காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்குப் பக்கம். முதல் நாளே நாம் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து ஆரம்பித்துவிடுவோம். ஐந்து வயதுப் பிள்ளை திருதிருவென விழிக்கும். "வாயைத் திறக்குதா பார்" என்று எரிந்து விழுவோம். நானும் அப்படி விழுந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனசு கூசுகிறது.

நான்காம் வகுப்பில் ஒரு காட்டுநாயக்கப் பையன் இருந்தான். என்ன கேட்டாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான். தேனீ பற்றிப் பாடம் நடத்திய அன்றும் அப்படித்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிறேன், பள்ளிச் சுவர்ப் பொந்தில் இருந்த கொசுத்தேன் கூட்டின் சின்ன மெழுகுக் குழாயைக் குச்சியால் தொட்டுக் காட்டிப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறான். இது கொட்டாதாம், தேன் கொஞ்சம்தான் இருக்குமாம். பாறையில் தொங்கும் மலைத்தேன் வேறு, மரப்பொந்தில் அடுக்கடுக்காக வைப்பது வேறு, கொம்பில் ஒற்றை அடையாக வைப்பது வேறு. பாதி தமிழ், பாதி அவன் மொழி. புத்தகத்தில் இருந்ததோ ஒரே ஒரு தேனீப் படம். மறுநாள் அவனை முன்னால் நிறுத்தி, அவன் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினேன். எழுதியதை அவனே எழுத்துக் கூட்டி வாசித்தான்.

அதற்குப் பிறகு, ஐந்தாம் வகுப்புப் பணியர் பெண் ஒருத்தியைக் காலையில் கொஞ்ச நேரம் ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் தமிழில் சொல்வதை அவள் அவர்கள் பேச்சில் சொல்வாள். சில வாரத்திலேயே ஊமை போல் இருந்த பிள்ளைகள் சளசளவென்று பேச ஆரம்பித்தன. ஆய்வுக்கு வந்த அதிகாரி, "இவளுக்கு இங்கே என்ன வேலை?" என்று என்னிடம் விளக்கம் எழுதி வாங்கிப் போனார். அவள் படிப்பு கெடக் கூடாது என்பது நியாயம்தான். அப்படியானால் அந்தச் சமூகத்திலேயே படித்த ஒருவரை நியமித்துத் தாருங்கள் என்று மனு எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை.

பெயர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஆசையாக வைத்த பெயரைச் சேர்க்கையின்போது "இதென்ன பேரு" என்று மாற்றி எழுதுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்காது. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும், பதிவேட்டில் 'வரவில்லை' என்று விழும். ஆண்டு விழா வந்தால் மட்டும் இலை தழை கட்டி ஆடுவதற்கு அதே பிள்ளைகளைத் தேடுவார்கள்.

முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு சொல்வது தாங்கள் அறியாததல்ல. பாட்டவயல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வயநாடு. அங்கே 2017-லேயே 'கோத்ரபந்து' என்று திட்டம் போட்டு, ஆசிரியர் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்களைத் தொடக்கப் பள்ளிகளில் நியமித்தார்கள். அங்கும் இங்கும் இருப்பது அதே பணியர்தான்.

சாதிச் சான்றிதழுக்காகக் கூலியை விட்டுவிட்டு நான்கு முறை நடையாய் நடந்த தாயை எனக்குத் தெரியும். அவளுக்கா கல்வியின் அருமை தெரியாது?

மறுப்பு வெளியிடும்படி நான் கேட்கவில்லை. தங்கள் நிருபரை இன்னொரு முறை அனுப்பி வையுங்கள். பணிய மொழி தெரிந்த ஒருவரோடு அவர் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்தால் நல்லது; மற்ற நாளில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள், இருட்டினால் யானை பயம். நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.