நெல்லியடிக்கு வரமுதல்: டொக்டர் விஷயம்

நெல்லியடி
ஐப்பசி

அன்பின் குகன்,

நலம். மாரி தொடங்கிவிட்டது. உன் வீட்டுக் கிணறு இறைத்தாயிற்று, மதிலில் சாய்ந்துகிடந்த வேப்பங்கொப்பும் வெட்டியாயிற்று. மற்ற ஊர்ப்புதினம் நேரில் கதைப்போம். நீ கேட்ட டொக்டர் விஷயம்தான் அவசரம்.

தையில் அம்மாவோடு வந்து இறங்கியதும் எந்தக் குடும்ப வைத்தியரிடம் பதிவது என்று கேட்டிருந்தாய். பதிவு என்று ஒன்று இங்கே இல்லை. கனடாவில், உங்கள் ஸ்காபரோவில், உங்கள் பெயர் ஒரு டொக்டரின் பட்டியலில் இருக்கும். நிபுணரிடம் போக அவருடைய கடிதம் வேணும். இங்கே நெஞ்சு எரிந்தால் நேரே இருதய நிபுணர், முழங்கால் நொந்தால் எலும்பு நிபுணர் என்று யாரிடமும் நேரம் எடுத்துப் போகலாம், சனல் பண்ணுகிறது என்பார்கள். கரைச்சல் அங்கேதான் தொடங்குகிறது. மூன்று பேர் மூன்று மருந்துத் துண்டு எழுதுவார்கள், மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளிருக்காது.

அம்மாவின் வயதுக்காரருக்கு அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். பிறசருக்கு லொசாட்டன். கால் வீக்கத்துக்குச் சலம் போகிற குளிசை. முழங்காலுக்கு டைக்குளோபெனாக். ஒவ்வொன்றும் அதனதன் வருத்தத்துக்குச் சரியான மருந்துதான். மூன்றும் ஒன்றாக உள்ளே போனால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தம் குறைந்து, கிறியற்றினின் என்கிற கழிவு இரத்தத்தில் ஏறும். இடையில் இரண்டு நாள் வயிற்றோட்டமும் வந்துவிட்டால் இன்னும் கெதியாக ஏறும். ஆகவே பெரிய பெயர் எடுத்தவரைத் தேடி யாழ்ப்பாணம் மட்டும் அலையாதே. ஓட்டோவில் பத்து நிமிடத்துக்குள் போகக்கூடிய, எல்லாத் துண்டையும் மேசையில் விரித்துப் பார்க்கப் பொறுமையுள்ள பொது வைத்தியர் ஒருவர் போதும். காய்ச்சலோ தலைச்சுத்தோ, முதலில் அவரிடமே போங்கள். தேவையென்றால் அவரே கடிதம் தந்து நிபுணரிடம் அனுப்பட்டும். இரண்டு வருடம் அப்படிப் போனால் அவர் குடும்ப வைத்தியர் ஆகிவிடுவார். இங்கே வேறு வழியில்லை.

பின்னேரம் டிஸ்பென்சரி திறக்கிறவர்களில் பலர் பகலில் அரசாங்க ஆசுப்பத்திரியில் வேலை செய்கிறவர்கள். நாலரை, ஐந்துக்குத் திறந்து எட்டு மணி மட்டும் பார்ப்பார்கள். அவர்களுக்கு இடமாற்றம் வரும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர்களும் கனபேர். அதனால் முதல் கேள்வி: இந்தப் பக்கமே நிற்பாரா, லீவில் நின்றால் யார் பார்ப்பார்? டிஸ்பென்சரியையே முழுநேரமாக நடத்துகிறவர் கிடைத்தால் விடாதே. பெயர்ப்பலகையில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு குடும்ப மருத்துவ டிப்ளோமா இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை. இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பதிவு இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பார்.

யாரிடம் விசாரிப்பது? பக்கத்து வீட்டுக்காரர் "கைராசிக்காரர்" என்று சொல்வதை நம்பாதே. ஒரே ஊசியில் காய்ச்சலை இறக்குகிறவருக்குத்தான் அந்தப் பட்டம் கிடைக்கும். பாமசியில் நிற்கிறவரைக் கேள். யார் எல்லாத் தடிமனுக்கும் அன்ரிபயோற்றிக் எழுதுகிறார் என்று துண்டு வாசிக்கிற அவருக்குத் தெரியும். அந்தப் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரையும் கேள். வீடு வீடாகப் போகிறவர், எந்த டொக்டர் ஆறுதலாகக் கதைப்பார் என்று சொல்லுவார்.

முதல் தடவை வருத்தம் இல்லாத நாளில் போ, பிறசர் பார்க்க என்று. திங்கட்கிழமை வேண்டாம், சனம் நெருக்கும். அவர் முன்னைய வருத்தம், மருந்து, ஒவ்வாமை கேட்கிறாரா என்று கவனி. கேட்காமலே எழுதத் தொடங்கினால் அடுத்த ஆளைப் பார்.

காய்ச்சலுக்கு அவர் என்ன செய்கிறார் என்பதில் ஆளை இன்னும் நன்றாக அறியலாம். இது டெங்குக் காலம். மூன்றாம் நாளுக்குள் எவ்.பி.சி. என்கிற இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை எடுக்கச் சொல்லவேணும். டைக்குளோபெனாக், இபுபுறூபென், அஸ்பிரின் வேண்டாம் என்று அவராகவே சொல்லவேணும். பனடோல் வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதடவை, நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. மெலிந்த ஆளான அம்மாவுக்கு அதிலும் குறைக்கவேணும். அந்தப் பரிசோதனையில் பிளேற்லெற், அதாவது இரத்தத்தை உறையவைக்கிற அணுக்கள், ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இறங்கியதும் சுகம் என்று சனம் நினைக்கும். டெங்குவில் ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்கும். வயல் தண்ணீருக்குள் இறங்கினாயா என்றும் கேட்கவேணும், எலிக்காய்ச்சல் அதால் வரும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் ஆட்கள் செத்தார்கள்.

இங்கே கனபேர் மருந்தைத் தாங்களே சின்னக் கடுதாசி உறையில் போட்டுத் தருவார்கள். மேலே காலை, இரவு என்று இருக்கும், மருந்தின் பெயர் இருக்காது. "பெயரையும் எழுதிவிடுங்கோ டொக்டர்" என்று கேள், குறை நினைக்கமாட்டார்கள். கேளாமல் விட்டால் ஒரே மருந்து இரண்டு இடத்திலிருந்து வந்து இரட்டிப்பாகும். மூட்டு நோவுக்கும் இழுப்புக்கும் வருகிற உறையில் பிரெட்னிசொலோன் என்கிற ஸ்டீரொயிட் இருந்தால் சீனி ஏறும். அது தெரியாமல் சீனிக் குளிசையைக் கூட்டுவார்கள். கிழமைக்கணக்கில் குடித்த பிரெட்னிசொலோனைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கைதடிச் சித்த ஆசுப்பத்திரியில் மருந்து எடுத்தாலும் அதையும் டொக்டரிடம் சொல்லு, ஒளிக்காதே.

அங்கிருந்து கொண்டுவர வேண்டியவை: டொக்டர் தருகிற நோய்ச் சுருக்கம், கடைசி இரத்தப் பரிசோதனைகள், பழைய ஈ.சி.ஜி. பிரதி, மூன்று மாத மருந்து. பழைய ஈ.சி.ஜி.யைச் சும்மா கடுதாசி என்று எறியாதே. நெஞ்சு நோவோடு போனால் மாற்றம் புதிதா பழையதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். டைலனோலும் பனடோலும் ஒரே மருந்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதே. சீனி அங்கே 7.0 என்றால் இங்கத்தைய லாப் 126 என்று தரும். 18 ஆல் பெருக்கு. கிறியற்றினின் மில்லிகிராமில் வந்தால் அங்கத்தைய 90 இங்கே ஏறக்குறைய 1.0. இதை முதலே சொல்லிவைக்காவிட்டால் அம்மா 126ஐப் பார்த்துச் சோறே சாப்பிடமாட்டா. எல்லாவற்றையும் தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் எழுது: முதல் பக்கத்தில் ஒவ்வாமையும் சத்திரசிகிச்சைகளும், அடுத்ததில் குளிசையின் பெயர், அளவு, நேரம். மருந்து மாறினால் பழையதை வெட்டித் திகதி போடு. கொப்பி இல்லாமல் எந்த டொக்டரிடமும் போகாதே.

மந்திகை ஆதார வைத்தியசாலையில் மருத்துவக் கிளினிக்கிலும் அம்மாவைச் சேர்த்துவிடு. வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் அங்கிருந்து அனுப்புவார்கள். மாத மருந்தும் இரத்தப் பரிசோதனையும் இலவசம். இல்லாத மருந்துக்கு வெளியே வாங்கத் துண்டு தருவார்கள். விடியவே போகவேணும், இருந்து களைத்துப்போவீர்கள், சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோ. கிளினிக் கொப்பியைப் பின்னேர டொக்டருக்கும் காட்டு.

இரவில் அவர் கதவைத் தட்டாதே. நெஞ்சு நோவு, ஒருபக்கம் விறைப்பு, வாய் கோணல், மூச்சுத் திணறல் என்றால் 1990 என்ற நம்பருக்கு அடி, அம்புலன்ஸ் வரும், காசில்லை. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். அம்மா கடைசியாக எத்தனை மணிக்குச் சுகமாக இருந்தா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இப்போது அம்மாவின் குளிசைப் போத்தல் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. கொம்பனிப் பெயர் வேண்டாம், லேபலில் இருக்கிற மருந்தின் பெயரும் மில்லிகிராமும் வாசிக்கத் தெரிந்தால் போதும். இங்கே எது கிடைக்கும், எதற்குப் பதில் மருந்து பார்க்கவேணும் என்று பாமசியில் இப்போதே கேட்டுவைக்கலாம்.

அன்புடன்,
தேவன்