56 கோல்களை எப்படிப் படிப்பது? என்.ஹெச்.எல். பொது மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல்.-இன் மதிப்புக்குரிய பொது மேலாளர்களுக்கும் ஆட்டக்காரர் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

ஒவ்வொரு கோடையிலும் ஒப்பந்தப் பேச்சு தொடங்கும்போது இப்படி ஒரு பெயராவது உங்கள் மேசைக்கு வரும்: போன ஆண்டு வரை சுமாராக ஆடியவர், இந்த ஆண்டு கோல்களாகக் குவித்துவிட்டார். அவருக்கு அள்ளிக் கொடுப்பதிலும் அவசரம், அடுத்த ஆண்டு சறுக்கினால் கைகழுவுவதிலும் அவசரம். இரண்டு அவசரத்துக்கும் காரணம் ஒன்றுதான்: கோல் எண்ணிக்கையைப் பார்க்கிறீர்கள், அந்தக் கோல்கள் எப்படி விழுந்தன என்பதைப் பார்ப்பதில்லை. ஜொனாதன் சீச்சூவின் கணக்கை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறோம்.

2005-06 பருவத்தில் சான் ஹோசே ஷார்க்ஸ் அணியின் வலது விங்கில் (தாக்குதல் வரிசையின் வலது ஓரத்தில்) ஆடிய சீச்சூ, 82 ஆட்டங்களில் 56 கோல் அடித்தார். அடுத்து வந்த யாகருக்கு 54, ஒவெச்கினுக்கு 52. லீகில் அதிக கோல் அடித்தவருக்கான மொரிஸ் ரிஷார் கோப்பை சீச்சூவுக்குப் போனது. அதற்கு முன் அவர் ஆடிய 2003-04 பருவத்தில் 28 கோல் (இடையில் ஓராண்டு லாக்-அவுட்: அணி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான ஒப்பந்தத் தகராறால் லீகே நடக்கவில்லை). 56 அடித்த பருவத்துக்குப் பின் வரிசையாக 37, 23, 12. ஒட்டாவா செனட்டர்ஸுக்குப் போன பிறகு 61 ஆட்டங்களில் வெறும் 5. மொத்தம் 501 ஆட்டங்கள், 170 கோல்கள். 29 வயதில் என்.ஹெச்.எல். வாழ்க்கை முடிந்துவிட்டது. கோல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே பருவத்தில் வந்தவை.

அந்தப் பருவத்தையே இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் 24 ஆட்டங்களில் அவர் அடித்தது 7. 2005 நவம்பர் 30 அன்று பாஸ்டனிலிருந்து சென்டர் (தாக்குதல் வரிசையின் நடுவில் ஆடுபவர்) ஜோ தார்ன்டனை ஷார்க்ஸ் வாங்கியது. மீதி 49 கோலும் அதற்குப் பிறகு வந்தவை. தார்ன்டன் அந்தப் பருவத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்து 96 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) செய்தார். லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையும் அவருக்கே.

இதோடு நிறுத்திக்கொண்டு “எல்லாம் தார்ன்டன் போட்ட பிச்சை” என்று முடிப்பவர்களும் தவறு செய்கிறார்கள். ஒரு கோல் எப்படி உருவானது என்று கிட்டத்தில் போய்ப் பாருங்கள். தார்ன்டன் வலைக்குப் பின்னாலோ ஆடுகளத்தின் பலகையோரத்திலோ பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) வைத்துக்கொண்டு நிற்பார். ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கை; பக்கைப் பறிக்க இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் அவர்மீது சாய்வார்கள். கோலி (கோல் காப்பாளர்) தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் சீச்சூ வலைக்கு நேர் எதிரே, யாரும் காவலில்லாத இடத்துக்கு நழுவி, மட்டையின் முகத்தைப் பனியில் பதித்தபடி தயாராக இருப்பார். பக்கை நிறுத்தி, பார்த்து, பிறகு அடிப்பதெல்லாம் கிடையாது. வந்த வேகத்திலேயே அடி. கோலி திரும்பி நிலைக்கு வருவதற்குள் பக் உள்ளே. அந்தப் பருவத்தில் அவர் அடித்த 317 ஷாட்டில் 17.7 சதவீதம் கோலானது. லீகின் சராசரி பத்து சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இந்த உயர்வில் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் பாஸ் வந்த இடமும், அது வரும் நேரத்துக்குத் தயாராக இருந்த கையும் சேர்ந்துதான் அந்தச் சதவீதத்தை உண்டாக்கின.

விதிமாற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லாக்-அவுட்டுக்குப் பிறகு மட்டையால் கொக்கி போடுவதையும் பிடித்து இழுப்பதையும் நடுவர்கள் கறாராகத் தண்டித்தார்கள். பவர் பிளே (எதிரணியில் ஒருவர் தண்டனையால் வெளியே இருக்கும் நேரம்) வாய்ப்பு ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஆறை நெருங்கியது. கோலியின் கவசங்களின் அளவும் குறைக்கப்பட்டது. ஓர் ஆட்டத்தின் சராசரி கோல் ஐந்துக்குச் சற்று மேலிருந்து ஆறுக்கு மேல் ஏறியது. சீச்சூவின் 56-ல் 24 பவர் பிளேயில் வந்தவை. பின் ஆண்டுகளில் பவர் பிளே வாய்ப்புகள் வற்றிக்கொண்டே போயின. அவரைப்போல ஆட்டம் ஆடுபவரின் கோல் கணக்கு அதனாலேயே இறங்கும்.

பிறகு உடம்பு. 2007 கோடையில் அவருக்கு ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா அறுவை சிகிச்சை நடந்தது. அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் வரும் காயம் இது. பனியில் காலை உந்துவதும் ஷாட்டுக்கு உடல் எடையை மாற்றுவதும் அந்த இடத்திலிருந்துதான். சீச்சூ என்றைக்குமே வேகமான ஸ்கேட்டர் அல்ல. காலியிடத்தை முன்கூட்டியே உணர்வதை வைத்து அந்தக் குறையை ஈடுகட்டியவர். அரை அடி தாமதமானால் போதும், எதிராளியின் மட்டை குறுக்கே வந்துவிடும். வேகமான ஆட்டக்காரர் கொஞ்சம் வேகத்தை இழந்தாலும் தாக்குப்பிடிப்பார். ஏற்கெனவே விளிம்பில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

தார்ன்டனின் வலது பக்கத்துக்கு வந்த டெவின் செட்டகூச்சி 2008-09-இல் 31 கோல் அடித்தார். அந்த அளவை அவர் மறுபடி தொடவேயில்லை. 2009 செப்டம்பரில் சீச்சூவையும் மிலான் மிஹாலெக்கையும் ஒரு டிராஃப்ட் தேர்வையும் (புது ஆட்டக்காரரை எடுக்கும் உரிமை) ஒட்டாவாவுக்குக் கொடுத்து ஷார்க்ஸ் வாங்கிய டேனி ஹீட்லி, வந்த பருவத்திலேயே 39 அடித்தார். ஒட்டாவாவில் சீச்சூவுக்கு அப்படி ஒரு சென்டர் அமையவில்லை. அதே பருவத்தில் பிங்ஹாம்டன் துணை அணிக்கும் அனுப்பப்பட்டார். 2010 கோடையில் மீதமிருந்த ஓராண்டு ஒப்பந்தத்தை ஒட்டாவா பை-அவுட் செய்தது, அதாவது பணம் கொடுத்து முன்கூட்டியே முடித்துக்கொண்டது. அதன் விதி உங்களுக்குத் தெரியும்: 26 வயது நிரம்பியவருக்கு மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மீதி ஆண்டுகளைப் போல இரு மடங்கு காலத்துக்கு. ஆடாத ஆளுக்காக இரண்டு பருவங்களின் சம்பள வரம்பில் (அணி செலவிடக்கூடிய உச்சத் தொகையில்) ஓட்டை.

அவரைத் தோல்வியாளர் பட்டியலில் வைப்பது எங்களுக்கு ஏற்புடையதல்ல. ஜேம்ஸ் விரிகுடா அருகே, கோடையில் சாலை வழியே போக முடியாத மூஸ் ஃபாக்டரி தீவிலிருந்து, க்ரீ பூர்வகுடியிலிருந்து, 14 வயதில் வீட்டைவிட்டு வந்து இந்த லீகை எட்டியவர் அவர். பை-அவுட்டுக்குப் பிறகும் ஸாக்ரெப், மின்ஸ்க், பிராட்டிஸ்லாவா அணிகளில் ஆடினார்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். அடுத்த கோடையில் ஒருவரின் பெரிய பருவத்துக்கு விலை போடுவதற்கு முன், அவருடைய ஒவ்வொரு கோலின் காணொளியையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு நாள் வேலைதான். பாஸ் யாருடையது, அது வலைக்குப் பின்னாலிருந்து வந்ததா, பனியில் எத்தனை பேர், அவர் பக்கைத் தானே சுமந்து வந்தாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். முக்கிய சென்டர் இல்லாத நிமிடங்களில் அவர் ஆட்டத்தைத் தனியாக எடுத்து, அந்தக் கணக்குக்கே விலை பேசுங்கள். சென்டரையும் சேர்த்து வாங்காத அணி, சென்டர் உண்டாக்கிய கோலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. அக்டோபரில் அவர் எடுக்கும் முதல் மூன்று உந்துகளையும் மார்ச்சில் எடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடுப்புப் பகுதி அறுவை முடிந்து வந்தவரைக் கீழ் லைனில் (குறைந்த நேரம் ஆடும் தாக்குதல் வரிசையில்) தள்ளிவிட்டுக் கோல் வரவில்லை என்று அறிக்கை எழுதாதீர்கள். பாஸ் கொடுக்கத் தெரிந்த சென்டரோடு முதலில் இருபது ஆட்டமாவது விட்டுப் பாருங்கள். அதன் பிறகும் ஷாட் எண்ணிக்கையே இறங்கினால், அப்போது முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
ஐஸ் ஹாக்கியை ஊன்றிப் பார்க்கும் தமிழ் ரசிகர்கள்