மேட்டுக் காணிக்கும் ஒரு விதைப்புத் தேதி வேண்டும்: வன்னிக் கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர், அங்கத்தவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்துக்கான கூட்டங்களுக்கு நாள் குறிக்கும் நேரம் இது. குளத்து நீர்மட்டம், வாய்க்கால் துப்புரவு, விதைப்புத் தேதி, மாடு கட்டும் தேதி எல்லாம் கதைப்போம். எல்லாமே நெல்லுக்குத்தான். வாய்க்கால் எட்டாத மேட்டுக் காணி பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்த முறை அங்கே குரக்கன் (கேழ்வரகு) விதைப்பதைப் பற்றியும் கதையுங்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் மேடு இருக்கிறது. அதில் மானாவாரியாக நெல் விதைத்து, கார்த்திகையில் இரண்டு கிழமை மழை பொய்த்ததால் முழுவதையும் மாட்டுக்கு விட்டிருக்கிறேன். குரக்கன் அப்படியில்லை. வெயில் எறித்தால் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும், மழை விழுந்ததும் எழும்பிவிடும். ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும். பசளையும் நெல் அளவுக்குக் கேட்காது. 2021இல் இரசாயனப் பசளை நின்றபோது வயல்கள் மஞ்சளாய்க் கிடந்ததை நாம் மறக்கவில்லையே. நோயே வராது என்று சொல்லமாட்டேன், குலைநோய் இதற்கும் உண்டு.

அப்படியென்றால் குரக்கன் விதைப்பதை ஏன் விட்டோம்? நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஏக்கரில் தனியாக விதைத்தேன். தையில் கதிர் விரல் மடக்கினதுபோல் திரண்டு நின்றது. அம்மா ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்து, "இன்னும் நாலு நாள் போகட்டும்" என்றா. அந்த நாலு நாளில் குருவி இறங்கிவிட்டது. சுற்றிவரப் பற்றைக் காடு, தானியம் இருந்தது என் காணியில் மட்டும். பகலில் தகரம் தட்டினோம், இரவில் பன்றி வந்தது. மிஞ்சினது நாலு மூட்டை. நாலு மூட்டைக்கு லொறி அனுப்ப ஏலாது என்றார் வியாபாரி. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், அவர் சொன்ன விலைக்கே கொடுத்தேன்.

முப்பது ஏக்கர் ஒரே வளவாக, ஒரே கிழமையில் விதைத்திருந்தால் குருவி தின்பது எல்லாருக்கும் பகிர்ந்து போயிருக்கும். காவலுக்கு முறை போட்டிருக்கலாம். லொறியும் வந்திருக்கும், விலையும் நாம் கேட்டிருக்கலாம். இதைத் தனி ஆளால் செய்ய முடியாது, அமைப்பால் முடியும்.

ஆகவே கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து மேட்டுக் காணிகளை ஒரு வட்டமாகக் குறியுங்கள். ஒரே இனத்து விதையை ஆவணிக்குள்ளேயே கமநல சேவை நிலையத்தில் கேட்டு வையுங்கள். மழை தொடங்கின பிறகு வரும் விதையால் ஒரு பிரயோசனமும் இல்லை. வாங்குபவரோடு விதைக்க முன்னமே பேசுங்கள். அப்புறம், வீட்டுக்கென்று ஒரு மூட்டையாவது வையுங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, வெள்ளை அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் பிள்ளைகளுக்குக் குரக்கன் பிட்டின் ருசியே தெரியாமல் போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

என் இரண்டு ஏக்கரும் அந்த வட்டத்துக்குள் வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் இராக் காவலுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரன் ஒருவன்