பாரிஸ் கிளைப் பழைய மாணவர்களுக்கு: கொப்பிக்கு முன் காது

அன்பான பாரிஸ் கிளைப் பழைய மாணவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பெட்டிகளும் வந்து சேர்ந்தன. கலர்ப் பென்சில்களை அன்றே பங்கிட்டாயிற்று. பிரெஞ்சு இலக்கணப் புத்தகங்களை மட்டும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல். யாழ்ப்பாணத்தில் இப்படிச் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வகுப்புத் தொடங்க நினைக்கும் மற்றச் சங்கத்தாரும் வாசிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் என்னிடம் வருவது தரம் 2, 3 பிள்ளைகள். தமிழ், ஆங்கிலம், சிங்களம் என்று மூன்று எழுத்து ஏற்கெனவே அவர்கள் தலையில் இருக்கிறது. பிரெஞ்சுக்கு ஆங்கில எழுத்துத்தானே என்பீர்கள். சிக்கலே அதுதான். 'பாரி' என்று சொல்லிவிட்டு 'பாரிஸ்' என்று எழுதும் ஊரில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? பலகையில் கண்டால் பிள்ளை அந்த 'ஸ்'ஸையும் சேர்த்துத்தான் வாசிக்கும். பிறகு அதைக் கழற்றப் பெரும்பாடு.

காதால் கேட்டால் கதை வேறு. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்து 'ப'வோடு ஒரு காற்று வெளியே வரும். பிரெஞ்சிலும் தமிழிலும் அப்படி வராது. வாய்க்கு முன்னால் கடதாசித் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், தெரியும். மூக்கொலிதான் கொஞ்சம் கஷ்டம். நாங்கள் 'மரம்' என்று உதட்டை மூடி முடிக்கிற ஆட்கள். "சினிமாவில் 'நான் வரேன்' என்று சொல்லும்போது கடைசி எழுத்து மூக்குக்குள் போகிறதே, அதுபோல" என்றேன். ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார்கள். நீ, நீங்கள் என்ற வித்தியாசம் பிரெஞ்சிலும் உண்டு என்றதும் ஒருத்தி, "அப்ப 'நீர்' எங்க ரீச்சர்?" என்று கேட்டாள். 'நீ'க்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவில் நாங்கள் சொல்லும் 'நீர்' அது. பதில் என்னிடம் இல்லை.

எண்களை 20 உடன் நிறுத்தியிருக்கிறேன். 80 ஐ 'நாலு இருபது' என்று சொல்லும் மொழி. பெருக்கல் வாய்ப்பாடு பாடமாகட்டும்.

அடுத்தது, ஆண்டு முடிவில் டெல்ப் பிரிம், அதாவது சிறுவருக்கான பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்ப் பரீட்சை, வேண்டும் என்கிறீர்கள். 7 வயதிலேயே எழுதலாம், சரி. ஆனால் அதில் வாசிப்பும் எழுத்தும் உண்டு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் இங்கே தரம் 3 இலேயே தொடங்கிவிடுகிறது. சனிக்கிழமையும் இன்னொரு ரியூசனாக வேண்டாம். சான்றிதழின் படம் உங்கள் ஒன்றுகூடலில் அழகாக இருக்கும் என்பது எனக்கும் விளங்குகிறது. இரண்டு வருடம் பொறுங்கள்.

போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உங்கள் பையன் ஒருவன், அப்பம்மா வீட்டு முற்றத்தில் எங்கள் பிள்ளைகளோடு ஒளித்துப் பிடித்து விளையாடினான். கண்ணைப் பொத்தி 'அன், து, த்ருவா' என்று எண்ணினான். நான் இரண்டு கிழமை படிப்பித்தது அன்று பின்னேரமே அவர்கள் வாயில் ஒழுங்காக வந்தது. அவனும் 'அலாப்பாதை' (விளையாட்டில் ஏமாற்றாதே) என்ற சொல்லைக் கொண்டுபோனான்.

எனவே நான் கேட்பது பெட்டி அல்ல. சனி பிற்பகல் 3 மணிக்கு இங்கே வகுப்பு. அங்கே குளிர்காலத்தில் காலை 10.30, கோடையில் 11.30. உங்கள் பிள்ளைகளில் இரண்டு பேரைக் காணொளி அழைப்பில் கால் மணித்தியாலம் இருத்துங்கள். நிறம், மிருகம், சாப்பாடு, எதையாவது கதைக்கட்டும். பக்கத்தில் நின்று பிழை திருத்த வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை யார் வருகிறார்கள் என்று வியாழனுக்குள் அறிவியுங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமை ரீச்சர்