உன் ரஷ்ய நண்பனின் இங்கிலீஷ் கேள்விகள்

அன்புள்ள கண்ணா,

போனில் நீ சொன்ன கேள்விகளை எல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டேன். வோல்கோகிராடுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனவன் அங்கே அறைத்தோழனுக்கு இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறான் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான். ஆனால் அவன் ஏதாவது கேட்டால் "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதே. அவன் தடுமாறுகிற இடங்களில் பாதி, தமிழிலிருந்து போன நீயும் தடுமாறின இடம்தான்.

'ஐ ஆம்', 'ஹீ இஸ்' என்பதில் வருகிற 'ஆம்', 'இஸ்' எல்லாம் எதற்கு என்று கேட்டானே, அதையே எடுத்துக்கொள். ரஷ்ய மொழியில் "யா ஸ்துதியென்த்" என்றால் வாக்கியம் முடிந்தது. நாமும் "நான் மாணவன்" என்றுதானே சொல்கிறோம்? அதனால்தான் "ஐ ஸ்டூடன்ட்" என்கிறான், என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் அப்படியேதான் எழுதுவார்கள். இதற்கு இலக்கணம் வேண்டாம், வாய்ப்பழக்கம் போதும். 'ஐ ஆம்' என்று பிரித்துச் சொன்னால் நடுவில் இருப்பதை விழுங்கிவிடுவான். 'ஐம் டயர்ட்', 'ஷீஸ் பிஸி' என்று ஒட்டியே சொல்லவை. குளிருக்கும் வயதுக்கும் இதே கதைதான்: நமக்கு "எனக்குக் குளிருது", அவனுக்கு "ம்நே ஹோலத்னா", இங்கிலீஷில் மட்டும் 'ஐம் கோல்ட்'.

அடுத்தது 'எ பாய்', 'த பாய்' என்பதில் வருகிற 'எ', 'த'. இது இரண்டும் ரஷ்ய மொழியில் கிடையவே கிடையாது, ஆனால் அந்த வேலையை அங்கே பல நேரம் சொல் நிற்கிற இடம் செய்கிறது. "வ் கோம்னத்து வஷோல் மால்ச்சிக்" என்று பையனைக் கடைசியில் வைத்தால் அறைக்குள் யாரோ ஒரு பையன் வந்தான்; "மால்ச்சிக் வஷோல் வ் கோம்னத்து" என்று முன்னால் கொண்டுவந்தால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த பையன். நாமும் முதலில் "ஒரு பையன் வந்தான்" என்போம், அப்புறம் அவனே "அந்தப் பையன்" ஆகிவிடுவான். அதனால் விதிகளை அடுக்காமல், "நீ சொல்வது எதிராளிக்கு ஏற்கெனவே தெரியுமா, இப்போதுதான் புதிதாகச் சொல்கிறாயா?" என்று அவனையே கேள். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, இருந்தாலும் தினசரிப் பேச்சுக்குப் பெரும்பாலும் இது போதும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது மரியாதை விஷயம். "நான் ப்ளீஸ் போட்டுத்தான் பேசுகிறேன், ஏன் அதட்டுவது போல இருக்கிறது என்கிறார்கள்?" என்று அவன் வருத்தப்பட்டதாகச் சொன்னாய். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. நமக்கு 'கொடு', 'கொடுங்கள்' இருப்பது மாதிரி அவர்களுக்கு 'தாய்', 'தாய்த்தே' இருக்கிறது, மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே வந்துவிடும். இங்கிலீஷில் அந்த வால் இல்லை, அதனால் "கிவ் மீ வாட்டர், ப்ளீஸ்" என்றாலும் உத்தரவு போலவே கேட்கும். "குட் ஐ ஹேவ் சம் வாட்டர்?" என்று கேள்வியாக மாற்றினால்தான் பணிவு வரும். 'ஆஃப் கோர்ஸ்' இன்னொன்று. பக்கத்தில் மருந்துக்கடை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் அவர்கள் ஊரில் "கனேஷ்னா" என்று அன்பாகச் சொல்லலாம், அதையே 'ஆஃப் கோர்ஸ்' என்று சொன்னால் 'இதுகூடத் தெரியாதா' என்று தொனிக்கும். 'எஸ், தேர் இஸ்' போதும் என்று சொல்.

முன்பின் தெரியாத கடைக்காரர் 'ஹவ் ஆர் யூ' என்று கேட்பது பொய்யாகப் படுகிறது என்கிறானா? பஸ் ஸ்டாப்பில் "என்ன, வெளியிலயா?" என்று கேட்பவரிடம் நாம் போகிற ஊரையும் வேலையையும் ஒப்பிக்கிறோமா என்ன? இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வான்.

'ஹேவ்' போட்டு வருகிற காலம்தான் அவனுக்குக் கஷ்டம், அதில் கொஞ்சம் பொறுமையாக இரு. 'பார்த்தேன்', 'பார்த்திருக்கிறேன்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குப் பால்குடியிலேயே வந்துவிட்டது, அவனுக்கோ இரண்டுக்கும் ஒரே இறந்தகாலம்தான். வாக்கியத்தில் 'எஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்' மாதிரி முடிந்துபோன நேரம் இருந்தால் 'ஹேவ்' வராது, முதலில் இந்த ஒன்று மட்டும் போதும். ஆனால் "மூணு வருஷமா இங்க இருக்கேன்" என்பதை நீங்கள் இரண்டு பேருமே நிகழ்காலத்தில்தான் நினைப்பீர்கள், அங்கே நீயும் 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர்' என்று கவனமாகச் சொல்.

புத்தகத்தை அவன் 'ஷி' என்றால் சிரிக்காதே, அவன் மொழியில் 'க்நீகா' பெண்பால். 'ருகா' என்பது 'ஹேண்ட்', 'ஆர்ம்' இரண்டுக்கும் வரும், நம் 'கை' மாதிரி. நோயாளிக்கு எங்கே வலி என்று எழுதும்போது உனக்கும் இது உதவும்.

மிச்சம் இருப்பது உச்சரிப்பு. 'திங்க்' என்பது 'சிங்க்' ஆகிறது, 'ஷிப்', 'ஷீப்' ஒன்றாகிவிடுகிறது, ஏனென்றால் அவர்களுக்குக் குறில் நெடில் பேதம் கிடையாது. இதை எழுதிப் புரியவைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவனையும் பக்கத்தில் உட்காரவை, கையில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கட்டும், நாக்கு நுனி பல்லுக்கு நடுவில் எவ்வளவு வரவேண்டும் என்று நானே காட்டுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அம்மா